நேற்று ஒத்துக்கொண்ட சாப்பாடு இன்று ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

போன வாரம் ஒரு டம்ளர் பால் குடித்தீர்கள், ஒன்றும் ஆகவில்லை. இந்த வாரம் அதே பால், அதே அளவு, ஆனால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு முறுக்க ஆரம்பித்துவிட்டது. இடையில் என்னதான் மாறியது என்று யோசித்தால் சாப்பாட்டில் எதுவும் மாறியிருக்காது. வேலையில் ஒரு பெரிய சிக்கல், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, நாலு நாளாக ஒழுங்கான தூக்கம் இல்லை, இப்படி ஏதாவது இருந்திருக்கும். இதை யாரிடமாவது சொன்னால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று, "பாலை அடியோடு நிறுத்திவிடு". இல்லையென்றால், "எல்லாம் உன் மனப்பிரமை, கண்டுக்காதே". இரண்டுமே அரைகுறைப் பதில்கள், இரண்டாவது பதில் ஆளைக் காயப்படுத்தவும் செய்கிறது.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்தவரை மன அழுத்தம் செய்கிற முக்கியமான வேலை, புதிதாக ஓர் உணவை நமக்கு எதிரியாக்குவது அல்ல. ஓர் உணவை உடம்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று ஓர் எல்லை இருக்கிறதே, அந்த எல்லையைக் கீழே இறக்கிவிடுவதுதான். நல்ல நாளில் தாங்கிய அளவை மோசமான நாளில் தாங்க முடியாது. இது கற்பனை இல்லை, குடலுக்குள் அளந்து பார்க்கக்கூடிய மாற்றங்கள் நடக்கின்றன. அவை என்ன, அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யலாம் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நான்கு வகைகளைப் பிரித்துக்கொள்வோம்

சாப்பாட்டால் வரும் தொல்லைகள் எல்லாம் ஒரே வகை இல்லை. இதைப் பிரிக்காமல் பேசினால் ஆபத்தும்கூட, அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதல் வகை உண்மையான உணவு ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. வேர்க்கடலை, முட்டை, பால், இறால், மீன், முந்திரி போன்றவற்றில் இருக்கும் ஏதோ ஒரு புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரி என்று பதிவு செய்துகொண்டு, அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்திருக்கும். அடுத்த முறை அந்த உணவு உள்ளே போனால் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோல் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என்று வரும். மோசமானால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். சிலருக்கு மிகச் சிறிய துணுக்கே போதும்.

இரண்டாவது, செரிக்கும் திறன் குறைவாக இருப்பது. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். உலகில் வயதுக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு இது குறைந்துபோகிறது. உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கும், வாயு சேரும், வயிறு உப்பும். இதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையே இல்லை, எல்லாமே அளவைப் பொறுத்தது. லாக்டேஸ் குறைவாக உள்ளவர்களில் பெரும்பாலானோர் ஒரு நேரத்தில் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது கிட்டத்தட்ட 250 மில்லி பால் வரை, பெரிய தொல்லை இல்லாமல் தாங்கிக்கொள்வார்கள்.

மூன்றாவது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கிக்கொள்ளும் நோய் இது, உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. மனசு அமைதியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவர்கள் குளூட்டனைத் தொடக்கூடாது.

நான்காவது, இந்த மூன்றிலும் சேராத, ஆனால் நிஜமாகவே படுத்துகிற தொல்லை. பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் சில உணவுகளுக்குப் பிறகு வலி, உப்புசம், வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல். ஐபிஎஸ் எனப்படும் குடல் பிரச்சினை உள்ளவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். 2016-இல் வந்த மருத்துவ வகைப்பாட்டில் இதைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பில் ஏற்படும் கோளாறு என்றே வைத்துவிட்டார்கள். மன அழுத்தத்தின் கை மிகவும் ஓங்கியிருப்பது இந்த நான்காவது வகையில்தான். இரண்டாவதிலும் கணிசமாக இருக்கிறது. முதலாவதில்கூட ஒரு பங்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவில்

இந்தத் தொடர்பை மனிதர்கள் நேரடியாகக் கண்ணால் பார்த்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. 1822-இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளிக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, காயம் ஆறிய பிறகும் இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரு ஓட்டை நிலைத்துவிட்டது. அவருக்குச் சிகிச்சை அளித்த வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், உணவுத் துண்டைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார். (அந்த மனிதரை அவர் நடத்திய விதத்தை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அது சொல்லப்பட வேண்டிய விஷயம்.) 1833-இல் வெளியிட்ட குறிப்புகளில் அவர் பதிவு செய்த ஒன்று, அந்த ஆள் கோபமாக இருக்கும்போது செரிமானம் கெட்டுப்போகிறது என்பது. அப்புறம் 1890-களின் கடைசியில் வால்டர் கேனன் எக்ஸ்ரே மூலம் பூனைகளின் இரைப்பை அசைவைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, பூனை பதற்றமான உடனே அந்த அசைவு நின்றுவிடுவதையும், அமைதியானதும் திரும்ப ஆரம்பிப்பதையும் பார்த்தார்.

காரணம் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. குடல் சுவரிலேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் கொண்ட ஒரு தனி வலைப்பின்னல் இருக்கிறது. அதையும் மூளையையும் இணைக்கும் முக்கியமான நரம்பு வேகஸ். அதில் ஓடும் இழைகளில் சுமார் 80 சதவீதம் வயிற்றிலிருந்து மேலே மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை, மீதிதான் மேலிருந்து கீழே. ஆக மூளை கட்டளையிடுகிறது, வயிறு கேட்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வயிறுதான் அதிகம் பேசுகிறது.

மனசுக்கு ஆபத்து என்று பட்டதும் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் சிஆர்எச் என்ற ஹார்மோனை விடும், அதன் தொடர்ச்சியாகச் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி கார்டிசாலைச் சுரக்கும், கூடவே அட்ரினலினும் ஏறும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகும்போது செரிமானம் அவசர வேலை இல்லை. இரைப்பை மெதுவாகிவிடும், அதனால் சாப்பிட்டது அப்படியே கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். பெருங்குடல் இதற்கு நேர்மாறாக வேகமெடுக்கும், பரீட்சைக்கு முன் கழிவறைக்கு ஓடுவது இதனால்தான். இப்போது அந்த டம்ளர் பாலை யோசித்துப் பாருங்கள். லாக்டேஸ் குறைவாக இருந்தாலும் பால் நிதானமாக நகர்ந்தால் ஓரளவு உடைபடும், வருகிற வாயுவும் மெதுவாக வரும். சிறுகுடல் அவசரமாகத் தள்ளினால் அதற்கு நேரம் கிடைக்காது. நொதி மாறவில்லை, பால் மாறவில்லை, வேகம் மாறிவிட்டது.

குடல் சுவரில் நடப்பது

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த ஆய்வு 2014-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. ஆரோக்கியமாக இருந்த தன்னார்வலர்களைப் பலர் முன்னால் பேச வைத்தார்கள். மேடைப் பேச்சு என்றாலே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் குடல் சுவரே மாறுகிறதா என்பதுதான் இவர்களுடைய கேள்வி. அதற்கு அவர்கள் இரண்டு வகைச் சர்க்கரை கலந்த பானத்தைக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரைச் சேகரித்தார்கள். மானிட்டால் சின்ன மூலக்கூறு, குடல் சுவரை எளிதாகத் தாண்டும். லாக்டுலோஸ் பெரியது, சுவர் நன்றாக இருந்தால் மிகக் கொஞ்சமே தாண்டும். இரண்டுமே உடம்பில் செலவாகாமல் சிறுநீரில் வந்துவிடும் என்பதால், பெரியது வழக்கத்தைவிட அதிகமாக வந்தால் சுவர் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேச்சுக்குப் பிறகு அப்படித்தான் வந்தது, ஆனால் எல்லாருக்கும் இல்லை, பதற்றத்தில் கார்டிசால் நன்றாக ஏறியவர்களுக்கு மட்டும். மேடையே இல்லாமல் சிஆர்எச் ஹார்மோனை ஊசி மூலம் கொடுத்தபோதும் அதே மாற்றம் வந்தது. மாஸ்ட் செல்களை அமைதிப்படுத்தும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது வரவில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் முக்கியமான துப்பு இருக்கிறது. மாஸ்ட் செல்கள் குடல், தோல், மூச்சுக்குழாய் போன்ற இடங்களில் காவல் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள். உள்ளே ஹிஸ்டமின் முதலான பொருள்களைச் சின்னச் சின்ன மணிகளாக நிரப்பி வைத்திருக்கும். அலர்ஜியில் வெடித்துத் தொல்லை கொடுப்பவையும் இவைதான், மன அழுத்த ஹார்மோன்களைக் கேட்டுச் செயல்படுபவையும் இவைதான். உணவு வழியாக வரும் சமிக்ஞையும் மனசு வழியாக வரும் சமிக்ஞையும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த அணு. ஹிஸ்டமின் வெளியே வந்தால் பக்கத்தில் இருக்கும் வலி நரம்புகள் விழித்துக்கொள்ளும், அதன் பிறகு சாதாரண வாயு நகர்வதே வலியாகத் தெரியும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். குடல் சுவர் கொஞ்ச நேரம் தளர்வதும் ஒரு நோயும் ஒன்றல்ல. "உங்கள் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, இந்தப் பொடியை மூன்று மாதம் சாப்பிடுங்கள்" என்று இணையத்தில் விற்பவர்கள் இதே ஆய்வுகளைக் காட்டித்தான் விற்கிறார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

அதே லூவனிலிருந்து 2021-இல் இன்னொரு ஆய்வு வந்தது. எலிகளுக்கு ஒரு குடல் தொற்று இருக்கும்போது முட்டைப் புரதத்தைக் கொடுத்தார்கள். தொற்று முழுக்கக் குணமான பிறகு அதே புரதத்தைத் திரும்பக் கொடுத்தபோது எலிகளுக்கு வலியும் வயிற்றுப்போக்கும் வந்தன. தொற்றின் நடுவில் வந்த உணவையும் சேர்த்து எதிரி என்று குடல் பதிவு செய்துகொண்டது, அதற்கான ஐஜிஇ குடலில் மட்டும் உருவாகியிருந்தது. அடுத்து, ஐபிஎஸ் உள்ள 12 பேரின் பெருங்குடல் கீழ்ப்பகுதியில் பால், கோதுமை, சோயா போன்றவற்றின் சாற்றைத் துளி அளவு ஊசியால் செலுத்தியபோது, 12 பேருக்கும் குறைந்தது ஒன்றுக்காவது அந்த இடத்தில் மட்டும் வீக்கம் வந்தது. வழக்கமான அலர்ஜிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாத சிலருக்குத் தொல்லை எப்படி நிஜமாக இருக்க முடியும் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். இங்கே தொடக்கம் தொற்றுதான், மன அழுத்தம் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

உண்மையான அலர்ஜியில் மனசின் பங்கு

வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்களை வைத்து பிரிட்டனில் ஒரு ஆய்வு நடந்தது, முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. மருத்துவர்களின் கண்காணிப்பில் மிகச் சிறிய அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேர்க்கடலையைக் கூட்டிக் கொடுத்து, எந்த அளவில் எதிர்வினை வருகிறது என்று குறித்துக்கொண்டார்கள். இன்னொரு நாள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அதையே செய்தார்கள், வேறொரு நாள் உடற்பயிற்சியோடு. இரண்டு நாளும் அந்த அளவு கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைந்துபோனது. அதாவது வழக்கமாகத் தாங்குகிற அளவில் ஏறக்குறைய பாதியிலேயே எதிர்வினை வந்துவிட்டது. கவலையில் தூக்கம் கெடுவது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும், அதனால் இந்த எண்ணை அலர்ஜி உள்ள ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தூக்கம் கெட்டது அந்த அலர்ஜியை உருவாக்கவில்லை, எல்லையை இறக்கியது, அவ்வளவுதான்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு, அது இன்னும் முக்கியம். மனசு எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அலர்ஜி உணவு பாதுகாப்பானதாக ஆகிவிடாது. தியானம் செய்கிறேன், இப்போது இறால் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் பதில் கண்டிப்பாக வேண்டாம். அதேபோல் சாப்பிட்ட பிறகு மூச்சு இரைத்து நாக்கு வீங்கும் ஒருவரைப் பார்த்துப் பயத்தில் வருகிற பதற்றம் என்று நினைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கையில் அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போட வேண்டும், ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

எதிர்பார்ப்பும் ஒரு காரணம்

இந்தப் பகுதியைச் சிலர் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் பொறுமையாகப் படியுங்கள். சீலியாக் இல்லை, ஆனாலும் குளூட்டன் தனக்கு ஆகாது என்று சொல்கிற 59 பேரை வைத்து நார்வேயில் ஒரு ஆய்வு நடந்தது, 2018-இல் முடிவு வந்தது. மூன்று விதமான மியூஸ்லி பார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் கோதுமையிலும் வெங்காயத்திலும் இருக்கும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடர், ஒன்றில் இரண்டுமே இல்லை. எது எது என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது. அதிகத் தொல்லை கொடுத்தது ஃப்ரக்டான்தான். குளூட்டனுக்கும், ஒன்றும் இல்லாத பாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பலருடைய வயிற்று வலி நிஜம், ஆனால் குற்றவாளி என்று பிடித்துவைத்தது ஆளை மாற்றி.

ஒரு முறை ஒரு உணவுக்குப் பிறகு மோசமாக அவதிப்பட்டால், அடுத்த முறை அதைத் தட்டில் பார்த்ததுமே மூளை எச்சரிக்கையாகிவிடும். வயிற்றிலிருந்து வரும் ஒவ்வொரு சின்னச் செய்தியையும் உற்றுக் கேட்கும். அந்தக் கவலையே மேலே சொன்ன ஹார்மோன்களை அவிழ்த்துவிடும், குடல் வேகம் மாறும், வலி வரும், "பார், சொன்னேன் இல்லையா" என்று நம்பிக்கை இன்னும் உறுதியாகும். இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, எல்லாருடைய உடம்பும் இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. ஆனால் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பாலை நிறுத்துவார்கள், பிறகு கோதுமை, பிறகு பருப்பு, பிறகு முட்டை, கடைசியில் ஏழெட்டு உணவுகளில் வாழ்க்கை நடக்கும். வெளியே சாப்பிட முடியாது, உறவினர் வீட்டுக்குப் போக முடியாது, எடை குறையும், கவலை இன்னும் கூடும். சாப்பாட்டால் வந்த கவலையா, கவலையால் வந்த சாப்பாட்டுத் தொல்லையா என்று பிரிக்கவே முடியாத நிலைக்கு வந்துவிடும். இந்த நிலைக்கு வந்தவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் ஆரம்பத்திலேயே யாராவது சரியாக வழிகாட்டியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

சரி, என்ன செய்யலாம்?

எதையும் நிறுத்துவதற்கு முன் ஒரு மூன்று வாரம் எழுதிவையுங்கள். பலர் சாப்பிட்டதை மட்டும் எழுதுவார்கள், அது போதாது. முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைய மன அழுத்தத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், அவசரமாகச் சாப்பிட்டீர்களா, மாதவிடாய் நாளா, வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா, இதெல்லாம் அதே வரியில் இருக்க வேண்டும். அப்போதுதான் "பால் குடித்த எல்லா நாளும் வலித்தது" என்பதற்கும் "தூக்கம் கெட்டு பாலும் குடித்த நாளில் மட்டும் வலித்தது" என்பதற்கும் வித்தியாசம் தெரியும். முதலாவது பாலின் பிரச்சினை. இரண்டாவதற்குப் பாலை நிறுத்துவது தீர்வில்லை, அப்படிப்பட்ட நாட்களில் அளவைக் குறைத்தாலே போதும். டீ, காபி அளவையும் எழுதுங்கள், வேலைப் பளுவான நாட்களில் நமக்கே தெரியாமல் அது இரண்டு மடங்காகியிருக்கும், காபியே பெருங்குடலைத் தூண்டக்கூடியது.

நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத் துளியில் சோதனை என்று வரும் ஐஜிஜி (முன்பு சொன்ன ஐஜிஇ அல்ல, வேறொரு எதிர்ப்புப் பொருள்) பரிசோதனைக்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஓர் உணவை நீங்கள் அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதற்கான அடையாளம்தான் ஐஜிஜி, அது ஒத்துக்கொள்ளாததற்கான ஆதாரம் இல்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குளூட்டன்மேல் சந்தேகம் இருந்தால் சீலியாக் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள், குளூட்டனை நிறுத்திவிட்டுப் போனால் பரிசோதனை தப்பாக "இல்லை" என்று காட்டிவிடும்.

ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் குறைந்த உணவு முறை பலருக்கு உதவுகிறது. எளிதில் நொதிக்கும் சர்க்கரை வகைகளைச் சில வாரங்கள் குறைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் முறை அது. முதல் கட்டத்திலேயே நின்றுவிடக் கூடாது, உணவியல் நிபுணர் துணையோடு செய்வது நல்லது. அதே மோனாஷ் குழு 2016-இல் 74 பேரை வைத்து இந்த உணவு முறையையும் குடலை மையமாகக் கொண்ட ஹிப்னோசிஸ் சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஆறு வார முடிவில் இரண்டிலும் பத்தில் ஏழு பேருக்குக் குறிப்பிடத்தக்க நிவாரணம் கிடைத்தது. ஒரு குழு தட்டில் இருப்பதை மாற்றியது, இன்னொரு குழு சாப்பாட்டைத் தொடவே இல்லை, பலன் ஒன்றுதான்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, காய்ச்சல், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஏதாவது இருந்தால் குறிப்பேடு, உணவு முறை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். "டென்ஷன்தான்" என்று சொல்லி இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

அலர்ஜியும் சீலியாக்கும் இல்லை என்று உறுதியானவர்கள், ஒரு மோசமான காலகட்டத்தில் ஏதாவது உணவை நிறுத்தியிருந்தால், அந்தக் காலம் முடிந்த பிறகு அதைத் திரும்ப முயன்று பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஓர் உணவு, முதல் நாள் இரண்டு வாய், தொல்லை இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து அதைவிடக் கொஞ்சம் அதிகம், பிறகு வழக்கமான அளவு. நன்றாகத் தூங்கிய மறுநாளாகவும், முக்கியமான வேலை எதுவும் இல்லாத நாளாகவும் பார்த்து ஆரம்பியுங்கள்.